நடந்தது நடந்தே தீர வேண்டியதா?

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் காலையில் என் தம்பி எங்கள் வீட்டிலிருந்து இரு சக்கர வாகனத்தில் மதுரைக்குக் கிளம்பினான். “ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போடா” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியதால் உள்ளே ஓடிவிட்டேன். அவன் போய்விட்டான். நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் வந்த லாரி மோதி, அந்த இடத்திலேயே இறந்துபோனான். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் அந்த லாரி கடந்து போயிருக்குமே என்ற எண்ணம் என்னை விடவில்லை. “அவன் விதி அவ்வளவுதான், நீ என்ன செய்ய முடியும்?” என்கிறார் பெரியப்பா. பொறியியல் படிக்கும் என் மகனோ, “ஐன்ஸ்டைன் கணக்குப்படி இறந்தகாலம், எதிர்காலம் எல்லாமே ஏற்கெனவே இருக்கிறது; மாமாவின் மரணமும் அங்கே இருந்ததுதான்; வேறு மாதிரி நடந்திருக்கவே முடியாது” என்கிறான். இன்னொரு நாள் அவனே, வேறோர் உலகத்தில் மாமா உயிரோடு இருக்கலாம் என்றும் சொன்னான். அந்த லாரி ஓட்டுநரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆண்டுதோறும் திருவேடகத்தில் திதி கொடுக்கிறோம். நடந்தது நடந்தே தீர வேண்டியதுதானா? என் தம்பி எங்காவது இருக்கிறானா? இரவில் தூக்கம் வருவதில்லை.

– சோழவந்தான் வாசகி

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் பெரியப்பா விதியையும் உங்கள் மகன் இயற்பியலையும் துணைக்கு அழைத்தாலும், இருவரும் உங்களிடம் சொல்வது ஒன்றுதான்: வேறு விதமாக நடந்திருக்க முடியாது, ஆகவே வருந்தாதே. அன்பினால் சொல்லப்பட்ட வார்த்தை என்பதால் அதை மறுக்கத் தயக்கமாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை. அது உண்மைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் மெய்யியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில் என் பதில் இது: உங்கள் மகன் சொன்னதில் முற்பாதி உண்மையாக இருக்கக்கூடும், ஆனால் பிற்பாதி அந்த முற்பாதியிலிருந்து வரவில்லை. ஒரு நிகழ்வு காலத்தில் தன் இடத்தில் மாறாமல் இருக்கிறது என்பது ஒரு செய்தி. அது நிகழாமல் இருந்திருக்க முடியாது என்பது முற்றிலும் வேறொரு செய்தி. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய அறிஞர்களையே தடுமாற வைத்த மயக்கம் என்பதால், பொறியியல் மாணவர் ஒருவர் அதில் சிக்கியதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

முதலில் முற்பாதியைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜில் தத்துவம் கற்பித்த மெக்டாகர்ட் என்பவர் 1908ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், நிகழ்வுகளை நாம் இரண்டு விதமாக வரிசைப்படுத்துகிறோம் என்று காட்டினார். ஒன்று, இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற வரிசை. இதில் ஒவ்வொரு நிகழ்வும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது: எதிர்காலத்தில் இருந்த திருவிழா இன்றைக்கு வந்து, நாளைக்குப் பழையதாகிவிடுகிறது. மற்றொன்று, இதற்கு முன் அது, அதற்குப் பின் இது என்ற வரிசை. இது மாறுவதே இல்லை. உங்கள் தம்பி பள்ளிக்கூடம் போன நாள்கள் அவர் வேலைக்குப் போன நாள்களுக்கு முந்தியவை என்பது என்றைக்கும் அப்படியேதான். மெக்டாகர்ட் இதிலிருந்து தொடங்கிக் காலமே மெய்யன்று என்ற முடிவுக்குப் போனார். அவருடன் அவ்வளவு தூரம் போனவர்கள் மிகக் குறைவு, நானும் போகவில்லை. ஆனால் அவர் பிரித்துக் காட்டிய இரண்டு வரிசைகளைத் தொடாமல் இன்றைக்குக் காலத்தைப் பற்றி யாரும் தத்துவம் பேசுவதில்லை. முன், பின் என்ற மாறாத வரிசையே அடிப்படை, ‘இப்போது’ என்பது பேசுகிறவர் நிற்கும் இடத்தைக் காட்டும் சொல் மட்டுமே என்று சொல்பவர்கள் ஒரு கட்சியினர். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதையில் சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைக்கானல் ரோடு ஆகிய நிலையங்கள் எல்லாமே இருக்கின்றன. வண்டி சோழவந்தானில் நிற்கும்போது பயணி அதை ‘இங்கே’ என்கிறார். அதனால் சமயநல்லூர் அழிந்துபோவதும் இல்லை, வாடிப்பட்டி இனிமேல்தான் உருவாக வேண்டும் என்பதும் இல்லை. காலத்தின் பகுதிகள் எல்லாமே அவ்வாறு இருக்கின்றன என்பது அவர்களுடைய கொள்கை.

அந்தக் கொள்கைக்கு இயற்பியலிலிருந்து கிடைத்த ஆதரவைத்தான் உங்கள் மகன் சுட்டுகிறார். 1905இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கொள்கையின்படி, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்து விடை மாறும். 1908இல் கணித அறிஞர் மின்கோவ்ஸ்கி இடத்தையும் காலத்தையும் சேர்த்து ஒரே நாற்பரிமாண வெளியாக்கினார். இதன் விளைவு எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. உங்கள் தெருவில் ஒருவர் நின்றுகொண்டிருக்க, மற்றொருவர் அந்த மண்டலம் இருக்கும் திசையை நோக்கிச் சாதாரண நடையில் அவரைக் கடந்து போனால், ‘ஆண்ட்ரோமீடாவில் இப்போது’ என்று அந்த இருவரும் கணக்கிடும் நேரங்கள் ஏறத்தாழ நான்கு நாள் வேறுபடும். ஒருவருக்கு அங்கே இன்னும் நடக்காதது மற்றவருக்கு நடந்து முடிந்தது. இருவருடைய கணக்கும் சரியென்றால், எதிர்காலம் என்று நாம் சொல்வதும் உள்ள பொருளாகத்தானே இருக்க வேண்டும் என்று 1966இல் ரீட்டைக் என்பவரும், 1967இல் ஹிலரி புட்னமும் வாதிட்டார்கள். அதே சார்பியலுக்குள் நின்றுகொண்டே அந்த முடிவைத் தவிர்க்கலாம் என்று 1968இல் ஹவர்ட் ஸ்டைன் மறுத்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எனவே ‘ஐன்ஸ்டைன் கணக்குப்படி’ என்று உங்கள் மகன் சொல்லும்போது, கணக்கு உறுதியானது என்றும், அந்தக் கணக்குக்கு அவர் தரும் பொருள் இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். எல்லாம் பார்ப்பவரைப் பொறுத்தது என்று சார்பியல் கற்பிப்பதாகப் பலர் மேடையில் பேசிவிடுகிறார்கள். உண்மையில், எது பார்ப்பவரைப் பொறுத்தது, எது பொறுத்ததன்று என்று கறாராகப் பிரித்துக் காட்டுவதுதான் அந்தக் கொள்கையின் வேலை. ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. உங்கள் வீட்டிலிருந்து விபத்து நடந்த இடம் 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஒரு விநாடியின் 20,000இல் ஒரு பங்கு நேரம் போதும். எது முந்தியது, எது பிந்தியது என்பதில் இரண்டு பார்வையாளர்கள் வேறுபடுவதற்கு இருக்கும் இடம் அவ்வளவுதான். பால் பொங்கியது, தம்பி கிளம்பியது, லாரி மோதியது என்ற வரிசை, எவ்வளவு வேகத்தில் போகும் எந்தப் பார்வையாளருக்கும் மாறாது. காரணம் முன்னே, காரியம் பின்னே என்ற ஒழுங்கைச் சார்பியல் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது.

சரி, உங்கள் மகன் சொல்வதை முழுவதுமே ஒப்புக்கொள்வோம்; எல்லாக் காலமும் உள்ளது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் ‘வேறு மாதிரி நடந்திருக்கவே முடியாது’ என்பது கிடைக்கவில்லை. சோழவந்தானில் ரயில் நிலையம் இருக்கிறது, அதில் ஐயமில்லை. அங்கேதான் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? பாதையை அளந்தவர்கள் வேறு வழியாகக் கொண்டுபோயிருந்தால் நிலையமும் வேறோர் ஊரில் அமைந்திருக்கும். இருப்பது, மாறாமல் இருப்பது, வேறு விதமாக இருந்திருக்க முடியாதது ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிச் செய்திகள்.

இதை முதலில் கூர்மையாகக் கேட்டவர் அரிஸ்டாட்டில். நாளை ஒரு கடற்போர் நடக்கும் என்று இன்று ஒருவர் சொல்கிறார். அந்தச் சொல் இன்றே மெய் என்றால், நாளை போர் நடந்தே தீர வேண்டும் அல்லவா? அப்படியானால் நாம் ஆலோசனை செய்வதும் முயற்சி செய்வதும் எதற்காக? அவர் அந்த முடிவை ஏற்கவில்லை. ஒன்று இருக்கும்போது அது இருந்தாக வேண்டும் என்பதால், அது எவ்விதத்திலும் இருந்தே தீர வேண்டியது என்று ஆகிவிடாது என்று அவர் எழுதினார். 800 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ரோமானியரான போயத்தியஸ் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது அதே முடிச்சை இன்னும் தெளிவாக அவிழ்த்தார். முக்காலத்தையும் ஒரே பார்வையில் காணும் கடவுள் இருந்தாலும், அவர் பார்ப்பதனாலேயே நிகழ்வுகள் கட்டாயமாகிவிடுவதில்லை என்பது அவருடைய வாதம். ஒருவர் நடப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் நடந்துகொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் அவரை நடக்க வைப்பது உங்கள் பார்வையன்று, அவர் நடக்காமலும் இருந்திருக்கலாம். முன்னதை நிபந்தனையோடு கூடிய அவசியம் என்றும், நெருப்புச் சுடுவதைப் போன்றவற்றைத் தனி அவசியம் என்றும் பிரிக்கலாம். ‘நடந்தது என்றால், நடந்தது’ என்பது தவறவே முடியாத வாக்கியம்; அதில் செய்தியே இல்லை. ‘நடந்தது என்றால், நடந்தே தீர வேண்டியிருந்தது’ என்பது மிகப் பெரிய செய்தி. அதற்குத் தனியாகச் சான்று வேண்டும். முதல் வாக்கியத்தின் உறுதியைக் கடன் வாங்கி இரண்டாவதற்குக் கொடுத்துவிடுகிறோம். இனி மாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனால் இனி மாற்ற முடியாதது எல்லாம், அப்போதும் மாற்றியிருக்க முடியாதது ஆகிவிடாது.

உங்கள் மகன் கெட்டிக்காரராக இருந்தால் இப்போது வேறொரு வழியைப் பிடிப்பார். இயற்கை விதிகளும் உலகத்தின் தொடக்க நிலையும் சேர்ந்து எல்லாவற்றையும் முன்பே தீர்மானித்துவிட்டன என்பார். 1814இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் அப்படித்தான் எழுதினார்: ஒரு கணத்தில் உள்ள எல்லாப் பொருள்களின் நிலையையும் விசைகளையும் அறிந்த அறிவு ஒன்று இருந்தால், அதற்கு எதிர்காலமும் கடந்த காலமும் கண்முன் நிற்கும். ஆனால் இது காலத்தைப் பற்றிய கொள்கையன்று, காரணத்தைப் பற்றிய கொள்கை. எல்லாக் காலமும் உள்ளது என்று நம்புகிற ஒருவர், அதில் எதுவும் முன்கூட்டித் தீர்மானிக்கப்படவில்லை என்றும் முரண்பாடின்றி நம்பலாம். கதிரியக்கப் பொருளின் தனி அணு ஒன்று எந்தக் கணத்தில் சிதையும் என்பதை எந்த முன்நிலையும் தீர்மானிப்பதில்லை என்பதே குவாண்டம் இயற்பியலுக்குப் பெரும்பாலான பாடநூல்கள் தரும் பொருள். அதையே தீர்மானவாதத்தோடு விளக்கும் வழிகளும் உண்டு. இயற்பியல் இந்த வழக்கில் தீர்ப்பு எழுதிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இனி உங்கள் பெரியப்பாவிடம் வருகிறேன். அவருடைய விதியையும் உங்கள் மகனுடைய நிலைத்த காலத்தையும் இணைத்து ஒரே கொள்கையாகச் சொன்னவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். அவர்கள்தான் ஆசீவகர்கள் என்ற பழைய சமயத்தார். மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரின் மணிமேகலையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் பகுதியில் ஆசீவகரும் வருகிறார். பெறுவது, இழப்பது, இடையூறு, இன்பம், துன்பம், பிறப்பு, இறப்பு எல்லாமே கருவில் உருவாகும் பொழுதே கலந்துவிட்டவை என்பது அவர் கூற்று. சமண நூலான நீலகேசியில் வரும் பூரணன் என்ற ஆசீவக ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: எதுவும் புதிதாகத் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை. அந்நூலின் உரை இதற்கு ‘அவிசலித நித்தியத்துவம்’ என்று பெயர் தருகிறது. அசைவற்ற நிலைபேறு என்று சொல்லலாம். மின்கோவ்ஸ்கியின் கணிதம் ஏதுமில்லாமல் தமிழ்நாட்டில் அப்படி ஒரு சிந்தனை வாதத்துக்கு வந்திருக்கிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

அதற்குச் சமணர் சொன்ன மறுப்பு உங்களுக்கு நேராகப் பொருந்துகிறது. சமண ஆகமங்களுள் ஒன்றில் சத்தாலபுத்தன் என்ற குயவனின் கதை வருகிறது. அவன் ஆசீவகர்களைப் பின்பற்றுகிறவன். இந்தப் பானைகள் முயற்சியால் ஆனவையா, முயற்சியின்றி ஆனவையா என்று மகாவீரர் கேட்கிறார். முயற்சி என்ற ஒன்றே இல்லை, எல்லாம் முன்பே நிலைபெற்றவை என்கிறான் அவன். அப்படியானால் ஒருவன் வந்து உன் பானைகளை உடைத்தால் அவனை என்ன செய்வாய் என்று கேட்கிறார். அடிப்பேன், தண்டிப்பேன் என்கிறான். எல்லாம் முன்பே நிலைபெற்றவை என்றால் உடைத்தவன் எதையும் செய்யவில்லையே, நீ எப்படி அவனைத் தண்டிக்கலாம் என்பது மகாவீரரின் அடுத்த கேள்வி. உங்கள் பெரியப்பாவின் விதி உங்களை விடுவிக்கும் என்றால், அந்த லாரி ஓட்டுநரையும் அதே அளவுக்கு விடுவித்தாக வேண்டும். அவர் எதிர்த்திசையில் வந்ததும் விதியே, அதை நீங்கள் மன்னிக்காமல் இருப்பதும் விதியே. இதை நீங்கள் ஏற்கப் போவதில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது, ஏற்காததும் சரிதான். அவர் சரியான பக்கத்தில் வந்திருக்கலாம் என்று நீங்கள் நம்புவதால்தான் கோபம் வருகிறது.

ஆக, வேறு விதமாக நடந்திருக்கலாம் என்பதே என் விடை. இதைப் படித்ததும், அப்படியானால் தவறு என்னுடையதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்காகத்தான் உங்கள் வீட்டார் இருவரும் அந்தக் கதவை இழுத்து மூடப் பார்த்தார்கள். மூடத் தேவையில்லை. ‘இட்லி சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான்’ என்ற உங்கள் வாக்கியத்தை ஆராய்ந்து பார்ப்போம். இவ்வகை வாக்கியங்களைப் பற்றி அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1973இல் ஒரு நூலே எழுதினார். நடந்ததோடு மிக நெருங்கி ஒத்திருந்து, அந்த ஒன்றில் மட்டும் மாறுபடும் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே பின்பகுதி நிறைவேறுமானால் வாக்கியம் மெய் என்பது அவருடைய அளவுகோல். அதன்படி உங்கள் வாக்கியம் மெய்யாகவே இருக்கக்கூடும். ஆனால் அதே அளவுகோலின்படி, அந்த ஓட்டுநர் இன்னொரு தேநீர் குடித்திருந்தால், வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால், உங்கள் தம்பிக்கு யாராவது தொலைபேசியில் பேசியிருந்தால், பால்காரர் தாமதமாக வந்து அன்று பால் அடுப்பில் ஏறாமலே இருந்திருந்தால் என்ற எண்ணற்ற வாக்கியங்களும் மெய்யே. இவற்றுள் எதையும் குற்றம் என்று நாம் சொல்வதில்லை. ஒன்று மாறியிருந்தால் விளைவு மாறியிருக்கும் என்பது காரணத் தொடர்பைக் காட்டுகிறது, அவ்வளவே. குற்றம் என்று சொல்ல வேண்டுமானால், செய்தவருக்கு அப்போது தெரிந்ததை, அல்லது தெரிந்திருக்க வேண்டியதை வைத்துச் சொல்ல வேண்டும். நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டினால் ஆள் சாவார் என்பது ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. இட்லி சாப்பிடாமல் போனால் ஆள் சாவார் என்பது எவருக்கும் தெரியக்கூடியதன்று.

கீழக்குயில்குடிக்குப் பக்கத்திலுள்ள சமணமலைக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். அந்த மரபினர் வளர்த்த அநேகாந்தவாதத்தை, ஆளுக்கொரு உண்மை என்று எளிதாக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அதன் உண்மையான கட்டளை கடுமையானது: ஒரு பொருளைப் பற்றி எதைச் சொன்னாலும், எந்த நோக்கில் நின்று சொல்கிறாய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஒரு நோக்கில் கண்டதை மற்ற நோக்குக்கு ஏற்றிவிடுவது பிழை. அந்தக் காலைப் பொழுதை நீங்கள் இன்றைய நோக்கில் பார்க்கிறீர்கள். இன்று பார்க்கும்போது, வாசலில் நின்ற தம்பிக்கும் வந்துகொண்டிருந்த லாரிக்கும் இடையில் பத்து நிமிடம் தெரிகிறது. அன்றைய நோக்கில் அந்தப் பத்து நிமிடம் இருக்கவில்லை; பொங்கிய பால் இருந்தது, அவசரமாகக் கிளம்பும் தம்பி இருந்தார். இரண்டு நோக்குமே மெய்யான காட்சிகள்தாம். ஆனால் உங்கள் செயலை அளக்க உரியது அன்றைய நோக்கு. இன்றைய அறிவைக் கொண்டுபோய் அன்றைய உங்களிடம் கொடுத்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தாய் என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

வேறோர் உலகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதில் உங்களுக்குப் பயன்படுவது குறைவு. உங்கள் மகன் சொல்வது, இயற்பியலாளர் ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த குவாண்டம் விளக்கத்திலிருந்து வந்திருக்கலாம்; அதன்படி உலகம் கிளைகளாக விரிகிறது. அல்லது டேவிட் லூயிஸ் 1986இல் விரிவாக எழுதிய கொள்கையாக இருக்கலாம். அதன்படி சாத்தியமான உலகங்கள் எல்லாமே இந்த உலகத்தைப் போலவே மெய்யாக இருக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக்குவரத்து கிடையாது. இவை இரண்டும் வெவ்வேறு கொள்கைகள். காணொளிகளில் இவற்றை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். எவரெட்டின் கிளைகள்கூட, நாம் கற்பனை செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கிளை என்று பிரிவதாகச் சொல்ல முடியாது. லூயிஸின் உலகங்களுக்கு நான் எந்த ஆதாரத்தையும் காணவில்லை. இருக்கிறது என்றே கொண்டாலும், தத்துவ அறிஞர் சால் கிரிப்கி எழுப்பிய தடை நிற்கிறது: அங்கே பிழைத்திருப்பவர் உங்கள் தம்பியை ஒத்த வேறொருவர், அவருடைய நலத்தில் உங்கள் தம்பிக்கு என்ன பங்கு? லூயிஸின் கணக்கிலேயே, அங்கே இட்லி பரிமாறும் அக்காவும் நீங்கள் அல்லர். வேறு விதமாக நடந்திருக்கலாம் என்பது மெய்யாக இருப்பதற்கு, எங்கோ ஓரிடத்தில் அது நடந்தும் இருக்க வேண்டும் என்ற தேவை இல்லை.

தம்பி எங்காவது இருக்கிறாரா என்ற கேள்விக்கு, ஆன்மாவைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. திருவேடகத்தில் நீங்கள் கொடுக்கும் திதிக்கு உங்கள் குடும்பத்தின் நம்பிக்கை போதும். காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஐன்ஸ்டைனின் நெடுநாள் நண்பர் பெஸ்ஸோ 1955 மார்ச் மாதம் இறந்தபோது, அவர் குடும்பத்துக்கு ஐன்ஸ்டைன் எழுதிய கடிதத்தில், இயற்பியலை நம்பும் தம்மைப் போன்றவர்களுக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவினை விடாப்பிடியான ஒரு மாயத்தோற்றம் மட்டுமே என்றார். அடுத்த மாதம் அவரும் இறந்துபோனார். உங்கள் மகன் சொல்லும் கொள்கையின் மென்மையான பக்கம் இது: அது மெய்யானால், உங்கள் தம்பி வாழ்ந்த ஆண்டுகள் இல்லாமல் போகவில்லை, தத்தம் இடத்தில் இருக்கின்றன. மகன் அந்த மரணத்தை மட்டும் அங்கே கண்டார். அந்த மரணம் அங்கே இருக்கிறது என்றால், உங்கள் தம்பி மிதிவண்டி ஓட்டக் கற்றதும், உங்களோடு சண்டை போட்டதும், உங்கள் வீட்டு வாசலில் நின்று பேசியதும் அதே உறுதியோடு அங்கே இருக்கின்றன.

ஆனால் இதை வைத்து உங்கள் துயரம் வெறும் மயக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். தத்துவ அறிஞர் ஆர்தர் பிரையர் 1959இல் எழுதிய கட்டுரையில் எளிய ஒன்றைக் கேட்டார். தொல்லை ஒன்று முடிந்ததும் ‘அப்பாடா, ஒரு வழியாக முடிந்தது’ என்கிறோம். அது இன்ன தேதிக்கு முந்தியது என்பதற்காக நாம் மகிழ்வதில்லை. அது முடிந்துவிட்டது என்பதற்காக மகிழ்கிறோம். முன், பின் என்ற வரிசை மட்டும்தான் உண்டு என்றால் இந்த நிம்மதிக்கு இடம் எங்கே? இதைத் திருப்பினால் துயரத்துக்கும் பொருந்தும். உங்கள் தம்பியின் வாழ்வு ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முந்தியது என்பது உங்களை வருத்தவில்லை. அது முடிந்துவிட்டது என்பது வருத்துகிறது. கடந்ததும் நிகழ்வதும் உள்ளவை, எதிர்காலம் மட்டும் இன்னும் இல்லை என்று 1923இல் தத்துவ அறிஞர் சி. டி. பிராட் சொன்ன நடுவழியின் பக்கம் நான் சாய்ந்திருக்கிறேன். அதற்குச் சார்பியலோடு ஒத்துப்போவதில் சிக்கல் உண்டு என்பதை உங்கள் மகன் உடனே கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடிக்கட்டும். அது எதிர்காலத்தைப் பற்றிய சண்டை. உங்கள் தம்பி வாழ்ந்தார் என்பது மெய் என்பதில் மகனுடைய கட்சிக்கும் என் கட்சிக்கும் வேறுபாடில்லை. நிகழ்காலம் மட்டுமே உண்டு என்பவர்களும் அந்த மெய்யை மறுப்பதில்லை.

தூக்கம் வருவதில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது தத்துவக் கேள்வியன்று. அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மூன்று ஆண்டுகளாக அப்படி என்றால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்கு முன்பு யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனைச் சேவை கட்டணமின்றி, தமிழிலேயே கிடைக்கும். எனக்கு எழுதியதை அவர்களிடம் அப்படியே சொன்னால் போதும்.